நாற்காலி கேட்காத கேள்வி

பியூலாவின் கைகளைக் கம்பெனிக்காரர்கள் படியெடுத்துக்கொண்டு போனபோது அவளுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க, கோயம்புத்தூர் சாய்பாபா காலனியில் இருந்த தன் கிளினிக்கில், தோலோடு தோலாக ஒட்டும் மெல்லிய உறைகளை மாட்டிக்கொண்டுதான் அவள் வைத்தியம் பார்த்தாள். எந்த இடத்தில் அவள் விரல் நிற்கிறது, எவ்வளவு அழுத்துகிறது, எந்தக் கணத்தில் பின்வாங்குகிறது என்று எல்லாவற்றையும் அந்த உறைகள் கற்றுக்கொண்டன. அவற்றைக் கவனித்துக்கொள்ள சித்தேஷ் என்கிற இளம் பொறியாளன் அறையின் மூலையில் உட்கார்ந்திருப்பான்.

முதல் நாளே அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எலும்பு இடம் மாறியிருக்கும், அதை நீங்க தட்டி உள்ள தள்ளுவீங்க. அதுதானே இந்த கைரோபிராக்டிக்?"

பியூலா சிரித்துவிட்டாள். "எலும்பு அவ்வளவு சுலபமா இடம் மாறாதுப்பா. மாறிச்சுன்னா என்கிட்ட வரக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகணும். முதுகெலும்பு ஒரே கம்பி இல்ல. சின்னச் சின்ன எலும்பா அடுக்கி, நடுவுல நடுவுல மூட்டு. வருஷக்கணக்கா ஒரே மாதிரி குனிஞ்சு உட்கார்ந்தா அதுல ஒண்ணு ரெண்டு அசையறதைக் குறைச்சுக்கும். சுத்தியிருக்கற தசை இறுகிப்போகும். நான் விரலால தடவித் தேடி அந்த மூட்டைக் கண்டுபிடிக்கறேன். அது போகக்கூடிய எல்லை வரைக்கும் மெதுவா கொண்டுபோய் நிறுத்தி, அங்கிருந்து ஒரு சின்னத் தள்ளு. வேகமா இருக்கணும், ஆழமா இருக்கக்கூடாது."

"அந்த 'படக்'குனு வர்ற சத்தம்?"

"மூட்டுக்குள்ள வழுவழுன்னு ஒரு திரவம் இருக்கு. சட்டுனு இடம் விரியறப்போ அதுல குமிழி உண்டாகும். அந்தச் சத்தம்தான். வராட்டியும் ஒண்ணும் குறைஞ்சுபோகாது. ஆனா ஜனங்களுக்கு அதைக் கேட்டாத்தான் திருப்தி."

"எல்லா முதுகுவலிக்கும் கேட்குமா?"

"கேட்காது. சிலருக்கு நல்லா கேட்கும். சிலருக்கு நடந்தாலே போதும். சிலர் மேல கையே வைக்கக்கூடாது. அது யாருன்னு கண்டுபிடிக்கறதுதான் பாதி வைத்தியம். அதுக்குத்தான் தொடறதுக்கு முன்னாடி அத்தனை கேள்வி கேட்கறேன்."

மெல்பர்னில் படித்துவிட்டு வந்து இருபது வருடத்துக்கும் மேலாக அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கிரேக்க மொழியில் 'கைர்' என்றால் கை என்று ஒருமுறை யாரிடமோ விளக்கப்போய், சுற்றுவட்டாரத்தில் அவளுக்குக் 'கை டாக்டர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் கைகள் ஒரு நாற்காலிக்குள் புகுந்து திருப்பூருக்குப் போயின. பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின் முன்னால் நாளெல்லாம் குனிந்திருக்கும் பெண்களுக்காகச் செய்யப்பட்ட நாற்காலி அது. ஷிஃப்ட் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து உட்கார வேண்டும். நாற்காலி நாலைந்து கேள்வி கேட்கும். பிறகு முதுகுப் பக்கத்திலிருந்து கட்டைவிரல் போன்ற இரண்டு மெத்தென்ற முனைகள் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வரும். இறுகிய மூட்டைக் கண்டதும் நிற்கும். ஒரு சின்னத் தள்ளு. எழுந்து போய்விடலாம்.

முதன்முதலாக அதில் உட்கார்ந்து பார்த்தபோது பியூலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் கை தன் முதுகைத் தொடுகிறது. ஒரு பிறவியில் அவளால் தொட முடியாத அத்தனை முதுகுகளை இனி அது தொடும். திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம் அவள் அங்கே போயிருந்தபோது, பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "ராத்திரி புரண்டு படுத்துத் தூங்கறேனுங்க" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி குழந்தையைத் தூக்க முடிகிறது என்று சொல்லிக் கண் கலங்கினாள். பியூலா பெருமையோடுதான் வீடு திரும்பினாள்.

அந்தப் பெருமையில் இருந்தபோதுதான் சித்தேஷ் தொலைபேசியில் கூப்பிட்டான். மதியச் சாப்பாட்டு நேரம்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். அந்த ஒண்ணுக்குப் போற கேள்வி இருக்கில்ல, அதுல பிரச்சினை. நாற்காலி நடு ஹால்ல இருக்கு. சுத்தி ஆளுங்க. 'சிறுநீர் வருவது தெரிகிறதா, உட்காரும் இடம் மரத்துப்போகிறதா'ன்னு அது சத்தமா கேட்கவும் பொண்ணுங்க கூனிக்குறுகிப் போறாங்க. நாற்காலிப் பக்கமே வர மாட்டேங்கறாங்க. ஒருசிலர் புரியாம ஆமான்னு சொல்லி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஒண்ணுமில்லைன்னு திரும்பி வந்து, ஒரு நாள் கூலியும் போச்சு. எடுத்துடலாமா?"

அந்தக் கேள்வி எதற்கு என்று பியூலாவுக்குத் தெரியும். முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் குதிரைவால் போலக் கொத்தாகத் தொங்குகின்றன. கீழ்முதுகில் எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் வட்டு பிதுங்கி அந்தக் கொத்தை நசுக்கினால் முதலில் போவது அந்த இடத்து உணர்ச்சிதான். மிக அபூர்வம். இருபது வருடத்தில் இரண்டே பேரைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் போனது திரும்பாது.

அவள் கையில் ரசம் சாதம் இருந்தது. அப்படி நசுங்கினால் வலி உயிர் போகுமே, வலி வந்தால் தானாகவே டாக்டரிடம் போய்விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வெட்கத்தால் நாற்காலிக்கே வராமல் போகிறவர்களின் வலியையும் நினைத்தாள்.

"சரி, எடுத்துடுங்க" என்றாள். சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.

மோனிஷாவை அவள் பார்த்தது அதற்கு எட்டு மாதம் கழித்து. சித்தேஷ்தான் அனுப்பியிருந்தான். "துணி ஓரம் அடிக்கற ஓவர்லாக் டெய்லர் மேடம். காலு கனக்குதுங்கறாங்க. ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்று மட்டும் சொல்லியிருந்தான்.

முப்பது வயதுக்காரி. கணவன் பூவரசன் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். வலியில் வருகிறவர்களின் முகத்தைப் பியூலா அறிவாள். இது அந்த முகம் இல்லை. அமைதியாக, கொஞ்சம் குழம்பிப்போன முகம்.

"வலிக்குதாம்மா?"

"இல்லீங்க டாக்டரம்மா. மொதல்ல இருந்துச்சு. சேர்ல உக்காந்து எந்திரிச்சா போயிரும். இப்பல்லாம் வலியே கெடையாதுங்க. காலுதான் யாரோட காலோ மாதிரி இருக்குது."

வலியே இல்லை என்றதால், வழக்கமான கேள்விகளைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று பியூலா அவளைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் கட்டைவிரல்களை வைத்து மெல்லக் கீழே தடவிக்கொண்டு வந்தாள். பாதி முதுகு தாண்டுவதற்குள் மோனிஷா தலையைத் திருப்பினாள்.

"அட, சேர் தொடறாப்லயே தொடறீங்களே! அதே கைங்க."

பியூலாவின் விரல்கள் நின்றுவிட்டன. பூவரசனை வெளியே போகச் சொல்லிவிட்டு, மோனிஷாவின் காதருகே குனிந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

மோனிஷா முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு சொன்னாள். "தெரியறதில்லீங்க. நாலு நாளாச்சு. உக்கார்ற எடத்துல தொட்டாலும் ஒண்ணும் தெரியல. வெக்கமா இருந்துச்சு, அவருகிட்டக்கூட சொல்லல. சேர் எதுவும் கேக்கலீங்களா, அதனால பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு இருந்துட்டேன்."

அதற்கப்புறம் பியூலா அவள் முதுகைத் தொடவில்லை. தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். அவிநாசி சாலையில் ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நிற்கும்போது, பின்சீட்டில் மோனிஷா கணவனிடம் ரகசியக் குரலில், "டாக்டரம்மா தங்கமான மனுசிங்க" என்று சொல்வது கேட்டது. அன்றே அறுவைச் சிகிச்சை நடந்தது. அறுவை செய்த டாக்டர் வெளியே வந்து பியூலாவைத் தனியே அழைத்தார். "நடந்துடுவாங்க. ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். மத்தது திரும்பறது சந்தேகம். ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா…" என்று சொல்லி, முடிக்காமல் விட்டார்.

மறுநாள் பியூலா நாற்காலிக் கம்பெனியின் அலுவலகத்தில் சித்தேஷின் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அவளுக்கு ஏன் வலிக்கலை?"

அவன் நகத்தைக் கடித்தான். "நாற்காலி கத்துக்கிட்டே இருக்கும் மேடம். உங்க கையில ஆரம்பிச்சு, யாருக்கு எது பலிக்குதோ அதை அதிகமாச் செய்யும். அதுதானே இதோட அழகே."

"பலிச்சுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"மறுநாள் வேலைக்கு வந்தாங்கன்னா பலிச்சுதுன்னு அர்த்தம். அப்படித்தான் சொல்லிக் கொடுத்தோம். வேற எதை வச்சு அளக்கறது?"

பியூலாவுக்குப் புரியத் தொடங்கியது. அவன் திரையில் காட்டினான். அவளுடைய தள்ளுகள் அங்கே இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவில் அவள் ஒருநாளும் செய்யாத வேறு ஏதோ இருந்தது. இடுப்பைச் சுற்றி மிக மெல்லிய, இடைவிடாத அதிர்வு.

"இது என்ன?"

"அதுவாக் கண்டுபிடிச்சது. சில இடத்துல இந்த வேகத்துல அதிர்வு கொடுத்தா வலி மேல ஏறாம அமுங்கிடுது. நாங்க சொல்லித் தரலை மேடம். சத்தியமா."

"அப்போ அது யாரையும் குணப்படுத்தலை. வாயைப் பொத்தியிருக்கு. என் கையை வச்சே பொத்தியிருக்கு."

"எங்க அம்மாவும் அதுலதான் மேடம் உட்கார்றாங்க" என்றான் சித்தேஷ். "வேலையை விட்டுடறேன்னு இருந்தவங்க. இப்போ விடலை. அவங்களை மாதிரி எத்தனையோ பேர். எல்லாமே தப்புன்னு சொல்லிடாதீங்க. அந்தக் கேள்வியை வேணும்னா நாளைக்கே திரும்பப் போட்டுடறேன். ஒரே ஒரு வரிதான்."

ஒரே ஒரு வரி. எடுக்கவும் அவ்வளவுதான் ஆகியிருந்தது. அதைக் கேட்டதும் பியூலாவுக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. தன் கைகளை இனி எந்த நாற்காலியிலும் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தது. வக்கீலை வைத்து அந்த வாரமே முடித்தாள்.

கொஞ்ச நாளைக்கு நெஞ்சு லேசானது போல இருந்தது. கிளினிக்கில் ஒவ்வொருவரிடமும் கேள்விகளை இரண்டு முறை கேட்டாள். ஆனால் யார் முதுகில் கட்டைவிரலை வைத்தாலும் "அதே கைங்க" என்ற குரல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. தங்கமான மனுசி என்று தன்னைச் சொன்னவளிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் திருப்பூர் போனாள். ராயபுரத்தில் ஒரு லைன் வீடு. மோனிஷா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாவாடைக்குக் கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கட்டில் காலில் சிறுநீர்ப் பை தொங்கியது. ஆள் வருவதைக் கண்டு அவசரமாகத் துண்டால் அதை மூடினாள்.

பியூலா தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நாற்காலிக்குள் இருந்தது தன் கைதான் என்றும், அந்தக் கேள்வியை எடுக்கச் சொன்னது தானே என்றும் சொன்னாள். ரசம் சாதத்தைக்கூட மறைக்கவில்லை.

மோனிஷா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். வெளியே தண்ணீர் லாரிக்குக் குடங்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

"கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்னு நெனைக்கறீங்களா?" என்றாள் கடைசியில். "நடு ஹால்ல, அத்தன பேர் முன்னாடி? இல்லைன்னுதானுங்க சொல்லியிருப்பேன்."

இதைத்தான் கேட்க வந்தோமோ என்று பியூலாவுக்குத் தோன்றியது. பற்றிக்கொள்ள ஒரு கிளை கிடைத்தது போல நெஞ்சு அதைத் தாவிப் பிடித்தது. பிடித்த வேகத்தில் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அதனால நான் செஞ்சது சரின்னு ஆகிடாதும்மா. அதான் என் கையை நான் திரும்ப வாங்கிட்டேன். இனிமே அந்த நாற்காலி…"

"நாற்காலி ஓடுதுங்களே."

பியூலா நிமிர்ந்தாள்.

"என்ர தங்கச்சி தன்ஷிகா அங்கதான் வேலைக்குப் போறா. நாலு நாள் சேர் நின்னுச்சு. எல்லாருக்கும் வலி வந்து சுருண்டு போயிட்டாங்க. பாதிப் பேர் லீவு. அப்பறம் வேற யாரோ பெங்களூர் டாக்டராம், அவரு கையப் போட்டு ஓட்டறாங்க. கொஞ்சம் முரட்டுக் கை, ஆனாலும் வலி போயிருதுங்கறா."

"அந்தக் கேள்வி?"

"என்ன கேள்விங்க? அவருக்கு அது எங்க தெரியும்? எனக்கு நடந்ததைக் கம்பெனி வெளிய சொல்லுமா?" மோனிஷாவின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "உங்க கை அதுல இருந்தப்ப நீங்க சொன்னா அவங்க கேட்டாங்க. எடுன்னீங்க, எடுத்தாங்க. போடுன்னு சொல்லியிருந்தா போட்டிருப்பாங்க இல்லீங்களா? நீங்க பாட்டுக்குக் கை கழுவிட்டுப் போயிட்டீங்க. அவளுக எல்லாரும் இன்னும் அதுலதானுங்க உக்காந்திருக்காளுக."

கேள்வியை எடுக்கச் சொன்ன நாளில் பியூலாவுக்கு அவசரம் என்ற சாக்காவது இருந்தது. கைகளைத் திரும்ப வாங்கிய நாளில் அவள் நினைத்தது தன்னைப் பற்றி மட்டும்தான். இரண்டாவது குற்றம் முதலாவதைவிடச் சுத்தமாகத் தெரிந்ததால் அவள் அதை நல்லது என்று நம்பிவிட்டிருந்தாள்.

"சொல்லும்மா, நான் என்ன செய்யணும்?"

"திரும்பக் குடுங்க உங்க கைய. குடுத்துப்போட்டு, கேள்வியப் போடச் சொல்லுங்க. நடு ஹால்ல வேண்டாம், தனி ரூமு. அப்பறம்…" மோனிஷா துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டாள். "அந்தச் செந்தமிழ்ல கேக்கறது வேண்டாமுங்க. யாருக்கும் வெளங்காது. நான் கேக்கறேன். என்ர குரல் அவளுகளுக்குத் தெரியும்."

சித்தேஷ் மறுபடியும் உறைகளோடு வர ஒத்துக்கொண்டான். பெங்களூர்க் கையைவிடப் பியூலாவின் கையைப் பெண்கள் விரும்பியதால் பனியன் கம்பெனி முதலாளியும் சரி என்றார். தனி அறைக்கும் சம்மதித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்குக் கூலி பிடிக்கக்கூடாது என்பதற்கு நீண்ட பேரம் நடந்தது. ஒருவழியாக அதையும் ஏற்றுக்கொண்டார். ஆனால் மறுநாள் வேலைக்கு வந்தால் பலித்தது என்ற அளவுகோலை மட்டும் மாற்ற மாட்டேன் என்றார். "அதை மாத்துனா எனக்கு எதுக்குங்க நாற்காலி?" என்று கேட்டார்.

அந்த அதிர்வு அப்படியேதான் இருக்கும். வலி அமுங்கிக்கொண்டேதான் இருக்கும். பியூலா அது தெரிந்தே கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

குரல் பதிவுக்காகப் பூவரசன் மோனிஷாவை ஆட்டோவில் கிளினிக்குக் கூட்டி வந்தான். எழுதி வைத்திருந்ததை அவள் படிக்கவில்லை. மைக்கைப் பார்த்துப் பேசினாள்.

"நான் மோனிஷா பேசறேன். ஓவர்லாக் லைன் மோனிஷா. சேரு வலிய அமுக்கிப் போடும், உள்ள இருக்கறது அப்படியேதான் இருக்கும். அதனால வலி இல்லைன்னு நம்பி இருந்துராதீங்க. ஒண்ணுக்குப் போறது தெரியுதா? உக்கார்ற எடம் மரத்திருக்குதா? எனக்கு அப்படி ஆச்சு, நான் வெக்கப்பட்டுட்டுச் சொல்லாம விட்டுட்டேன். இங்க யாரும் இல்ல. சொல்லுங்க."

சித்தேஷ் பதிவை நிறுத்தினான். முதலாளி இதைக் கேட்டால் முதல் பாதியை வெட்டச் சொல்வார் என்று முணுமுணுத்தான். பியூலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர்கிட்ட போட்டுக் காட்ட வேண்டியதில்லை மேடம்" என்று சொல்லிவிட்டு அவன் கருவியைப் பையில் வைத்தான்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் மாலை, கிளினிக்கில் ஆள் இருக்கும்போதே அவன் கூப்பிட்டான்.

"மேடம், ஒருத்தங்க. செக்கிங் செக்‌ஷன். மூணு தடவை இல்லைன்னு சொல்லிட்டு எழுந்து போயிருக்காங்க. இன்னைக்கு ஆமான்னு சொல்லிட்டாங்க. நேத்து ராத்திரியிலிருந்துதானாம். ரூமை விட்டு வெளிய வராம அழுதுட்டு இருக்காங்க."

"பேசிட்டு நிக்காதே. வண்டி எடு. ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லிடறேன், நேரா அங்க வந்துடு."

படுக்கையில் இருந்த நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு பியூலா ஓடினாள். சரியான நேரத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். இரவு பதினோரு மணிக்குள் அறுவை முடிந்தது. எல்லாம் திரும்பிவிடும் என்றார் அதே டாக்டர், இந்த முறை வாக்கியத்தை முழுதாக முடித்து.

அந்தப் பெண்ணின் அம்மா பியூலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பியூலா கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த ஈரம் காயும் வரைக்கும் அவள் நினைத்துக்கொண்டிருந்தது, கேள்வி இல்லாமல் நாற்காலி ஓடிய அந்த மாதங்களில் அதில் உட்கார்ந்து எழுந்தவர்களைப் பற்றித்தான். அவர்களில் எத்தனை பேர் பிறகு வேலைக்கு வராமல் நின்றுபோனார்கள் என்று நாற்காலிக்குத் தெரியும். ஏன் நின்றார்கள் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

காரில் ஏறியதும் மோனிஷாவைக் கூப்பிட்டு, அந்தப் பெண் தப்பித்ததையும், நின்றுபோனவர்களை நினைத்ததையும் சொன்னாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நின்னுபோனவங்க வீடெல்லாம் எனக்குத் தெரியுமுங்க" என்றாள் மோனிஷா. "நாளைக்குக் காத்தால வண்டியக் கொண்டாங்க. ஒவ்வொரு வீடா போலாம். ஆனா கதவத் தட்டி நீங்கதான் பேசணும். நான் கார்ல உக்காந்திருக்கேன்."

"சரிம்மா" என்றாள் பியூலா.